ரயிலை வெட்டின ஹெட்போன்

போன மாதம் எங்கள் சேர்விஸ் சென்டரில் ஜொப் காட், அதுதான் பழுது எழுதுகிற அட்டை, எழுதுவதை நிப்பாட்டிவிட்டார்களாம். இனி ஹெட்போன் பழுது என்று ஆள் வந்தால் திரையில் ஒரு பட்டியல் வரும். மைக், பட்டரி, பஞ்சு, சார்ஜ் ஏறாது என்று பதினைந்து வரி. ஒன்றில் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் எனக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்கள். "யோகா அக்கா, அந்த மேசைக் கதையை ஒருக்கா எழுதித் தாங்கோ. புதுசா வந்தவை நம்புகினமில்லை." நம்பாவிட்டால் போகட்டும் என்று விடுகிற ஆள் நான் இல்லை. என்னை நம்பவில்லை என்றால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனபடியால் எழுதுகிறேன்.

நான் யோகேஸ்வரி. இருப்பு கொட்டாஞ்சேனை, வேலை பார்த்தது வெள்ளவத்தையில். பள்ளிக்கூடம் முடித்து ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருசம் ரேடியோ திருத்தப் படித்தேன். வகுப்பில் பொம்பிளைப் பிள்ளை நான் ஒருத்திதான். பிறகு கசெட், சீடி, டெலிபோன் என்று வந்ததையெல்லாம் கழற்றிப் பூட்டினேன். அவை ஒவ்வொன்றாகப் போய்ச் சேர, நான் மட்டும் மிஞ்சினேன். கடைசிப் பத்துப் பதினொரு வருசம் முழுக்க ஹெட்போன்தான். வயர் இல்லாத ஹெட்போன் வந்த புதிதில் "உது எத்தினை நாளைக்கு?" என்று சிரித்தவள் நான். பிறகு அதுதான் எங்கள் வீட்டு உலையைக் கொதிக்க வைத்தது. என் மனுசன் இன்றைக்கும் அதைச் சொல்லி நக்கலடிப்பார்.

சென்டர் காலி வீதியில், மூன்றாம் மாடி. மனேஜர் ஹில்மி சேர், மாளிகாவத்தை ஆள். வெள்ளைச் சேர்ட், நெஞ்சுப் பையில் ஒரே ஒரு நீலப் பேனை. சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். அவரிடம் ஏச்சு வாங்குவதென்றாலும் கிட்டப் போய் நின்று காதைக் கொடுத்துத்தான் வாங்க வேணும்.

அவருடைய சட்டம் இரண்டே இரண்டு. ஜொப் காட்டில் 'முறைப்பாடு' என்ற இடத்தில் கஸ்டமர் சொன்னதை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேணும். "இடப்பக்கம் கொசு அழுகுது" என்று ஒரு அம்மா சொன்னால் கொசு அழுகுது என்றுதான் எழுத வேணும். நாங்கள் கெட்டித்தனமாக 'இடது ஸ்பீக்கர் பழுது' என்று எழுதினால் காட்டைத் திருப்பி எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மற்றது, எந்தச் சாமானையும் கழற்ற முதல், ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் அதைக் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேணும். "மொதல்ல கேளுங்க, பொறகு கழட்டுங்க" என்பார். அவர் செய்வதைப் பார்க்க வேணும். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். காதுப் பஞ்சை ஸ்பிரிட்டால் துடைப்பார். போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். நாங்கள் பின்னால் நின்று "சேர் நித்திரை" என்று சைகை காட்டுவோம். கண்ணைத் திறக்காமலே "நித்திர இல்ல" என்பார். சீ, எங்களுக்கு வெட்கமாகப் போய்விடும்.

காட்டின் அடியில் இன்னும் இரண்டு இடம் இருந்தது. 'மாற்றிய பாகம்', 'செய்த வேலை'. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. கஸ்டமரின் பிரச்சினை தீர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்த நீலப் பேனை பையிலிருந்து வெளியில் வரும்.

இனி, இந்த நொய்ஸ் கான்சலிங் என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கடையில் நாங்கள் 'சத்தம் வெட்டுறது' என்போம். காதை முழுக்க மூடாமல் காதின் மேலே குந்துகிற சின்ன வகை ஹெட்போன் இருக்கிறதல்லவா, அதற்குப் பஞ்சு மட்டும் சத்தத்தை மறிக்கப் போதாது. அதனால் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு மைக் வைத்திருப்பார்கள். வெளியில் வருகிற சத்தத்தை அது கேட்கும். உள்ளே இருக்கிற சிப் அதே சத்தத்தைத் தலைகீழாகப் பண்ணிக் காதுக்குள் விடும். ஒரு கதவை நீங்கள் இந்தப் பக்கம் நின்று தள்ள, நான் அந்தப் பக்கம் நின்று அதே பலத்தில் தள்ளினால் கதவு அசையாது. அதுதான் விசயம். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. ஃபான், ஏசி, பஸ் எஞ்சின், ரயில் உறுமுவது, இப்படி ஒரே சீராக வருகிற சத்தம் என்றால் வெட்டும். மனிசர் கதைப்பதை அவ்வளவாக வெட்டாது.

இதை விளங்கப்படுத்த நாங்கள் பட்ட பாடு! ஹெவ்லொக் டவுனில் இருந்து, வங்கி வேலையில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வந்தார். கூடவே அவருடைய மனைவி. பெட்டியை மேசையில் டொக்கென்று வைத்தார்.

"இது பழுது. வீட்டில ஃபான் சத்தம் முழுக்கப் போயிட்டுது. ஆனா இவவின்ட குரல் அப்பிடியே கேக்குது."

எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, கவுண்டருக்குக் கீழே குனிந்துவிட்டேன். ஹில்மி சேர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கவுண்டரில் கிடந்த பேனையால் ஐயா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் காட்டில் எழுதினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சேர், ஒங்கட ஃபான் இத்தன வருசமா ஒரே கததான் கதைக்குது. இனி என்ன சொல்லும் எண்டு மெசினுக்குத் தெரியும். அதனால வெட்டுது. மெடம் அடுத்தது என்ன சொல்லுவாங்க எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அது ஆருக்குத் தெரியும்!" என்றார் ஐயா.

"ஒங்களுக்கே தெரியாட்டி மெசினுக்கு எப்பிடி சேர் தெரியும்?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பு படிக்கட்டு இறங்கி காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு "சரி, பரவாயில்லை, வேலை செய்யுது" என்று போனார். அந்தக் காட்டில் 'செய்த வேலை' என்ற இடத்தில் சேர் 'விளங்கப்படுத்தியது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வெள்ளவத்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேணும். கொட்டாஞ்சேனையில் கோயில் மணி, சேர்ச் மணி, துறைமுகத்துக்குப் போகிற லொறி எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? இன்னும் கூடக் கத்துவோம். என் மனுசன் என்னைக் கூப்பிடுவது பக்கத்து லேனுக்குக் கேட்கும். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம், அது வேறு பழக்கம். நான் வேலைக்கு வந்த முதல் கிழமை, மரைன் டிரைவ் முனையில் ஒரு பழக்கடைக்காரரிடம் "இதென்ன விலை?" என்று கேட்டேன். "இருநூற்றி" என்றார், நிப்பாட்டிவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து ஏசப் போகிறேன், ரயில் வந்தது. தடதடவென்று முழு ரயிலும் போய் முடிந்தது. "ஐம்பது" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி. பிறகு கவனித்தேன், அங்கே எல்லாரும் அப்படித்தான். ரயில் வந்தால் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, போனதும் அதே சொல்லில் இருந்து தொடருவார்கள். தாங்கள் நிப்பாட்டுவதே அவர்களுக்குத் தெரியாது. நாளடைவில் நானும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், அதுதான் என்னுடைய பிழை.

ஒரு வருசம், சித்திரைப் புதுவருசம் கழிந்து, வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் துஷ்யந்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மரைன் டிரைவில் பிளாட், மூன்றாம் மாடி, முன்னால் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். தாயார் கூட. தாயாருக்கு நடக்க ஏலாது, தனியாக விட்டுவிட்டு வெளியில் வேலைக்குப் போக முடியாது. பார்த்திருந்து பார்த்திருந்து ஒரு வேலை சரிவந்திருக்கிறது. லண்டனில் ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கட சனத்துக்கு டெலிபோனில் மொழிபெயர்த்துச் சொல்லுவது. டொக்டர் ஆங்கிலத்தில் சொல்ல இவள் தமிழில் சொல்ல வேணும், நோயாளி தமிழில் சொல்ல இவள் ஆங்கிலத்தில் சொல்ல வேணும். அவர்களுக்குக் காலை, இவளுக்குப் பின்னேரம். ஒரு மாதம் சோதனைக் காலம். முதல் இரண்டு கிழமை பழைய வயர் இயர்போனில் செய்தாளாம், நல்ல ரிமார்க்காம். நிரந்தரமாக்குவதென்றால் சத்தம் வெட்டுகிற நல்ல ஹெட்போன் ஒன்று வைத்திருக்க வேணும் என்று கொம்பனி சொல்லியிருக்கிறது.

"அக்கா, வீட்டு முன்னால ரயில். அதையும் வெட்டுமோ?"

எனக்கு அன்றைக்கு என்ன பெருமை! "வெட்டுமோவோ? உங்களுக்கு ரயிலே வராது பிள்ளை" என்றேன். என் கையாலேயே சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். "இதை ஒருநாளும் ஓஃப் பண்ணாதேங்கோ" என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து நாளில் திரும்பி வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"அக்கா, நான் சொல்லுற சொல்லு இடைக்கிடை அங்கால போகுதில்லையாம். முந்தி இப்பிடி இல்லை. இது வாங்கின பிறகுதான்."

நான் காட்டில் 'மைக் பழுது' என்று எழுதினேன். சட்டம் தெரியாதென்றில்லை. அன்றைக்குக் கூட்டம், அவசரம், அதோடு எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். பஞ்சு வைத்து அடைத்த எங்கள் டெஸ்ட் அறைக்குள் போய் மைக்கைப் பார்த்தேன். மணி மாதிரி வேலை செய்தது. மைக் துளையைத் துடைத்தேன், மென்பொருளைப் புதுப்பித்தேன், அனுப்பினேன். மூன்று நாளில் மறுபடியும் வந்தாள். புதிதாகவே ஒன்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த திங்கள் அதையும் கொண்டு வந்து நின்றாள். மூன்றாவது காட்டிலும் என் கை அதையே எழுதியது. இந்த முறை அழுகையை அடக்கிக்கொண்டு கதைத்தாள்.

"வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுகினம் அக்கா. வேலை போனா போகட்டும், நான் அதுக்கு மட்டும் பயப்பிடேல்லை. நேற்று ஒரு அம்மா. மருந்துக் குளிசை விசயம். நான் சொன்ன ஒரு சொல்லு அவவுக்குப் போகாம விட்டா? ஆரோட உயிரோட விளையாடுறன் நான்?"

அதுவரைக்கும் இது எனக்கு ஒரு மைக். அந்த நிமிசம் லண்டனில் கையில் குளிசையோடு ஒரு மனுசி தெரிந்தார்.

ஹில்மி சேர் தன் அறையிலிருந்து இதைக் கேட்டிருக்க வேணும். வெளியில் வந்தார். மூன்று காட்டையும் எடுத்து வரிசையாக அடுக்கினார். வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, கேட்பதற்கு நான் குனிய வேண்டியிருந்த அளவு மெதுவாகச் சொன்னார்.

"யோகா மிஸ், மூணிலயும் மைக் பழுது எண்டு எழுதி ஈக்குது. இது நீங்க சொன்னது. அவங்க சொன்னது எங்க?"

அவர் துஷ்யந்தி பக்கம் திரும்பி, "ஒரு தரம் திரும்பச் சொல்லுங்க பிள்ள" என்றார். அவள் சொல்லச் சொல்ல, என் பேனையை வாங்கித் தன் கையால் புதுக் காட்டில் எழுதினார். 'நான் சொல்லுற சொல்லு இடைக்கிடை போகுதில்லை. முந்தி இப்பிடி இல்லை. இது வாங்கின பிறகுதான்.' எழுதி முடித்து அதை இரண்டு தரம் வாசித்தார். பேனையால் நடு வரியைத் தட்டினார்.

"முந்தி என்னத்தில கதைச்ச?"

"பழைய வயர் இயர்போன் சேர். வீதியோரத்தில வாங்கினது."

"அந்த மைக் இதவிட நல்லதா?"

"ஐயோ இல்லை சேர், அது சும்மா ஒரு சாமான்."

"அப்ப கூடாத மைக்கில எல்லாச் சொல்லும் போயிருக்கு. நல்ல மைக்கில போகல்ல." அவர் கடிகாரத்தைக் கழற்றினார், மறுபடியும் கட்டினார். "அப்ப பழுது மைக்கில இல்ல. அவங்கட வீட்டில ஏதோ மாறி ஈக்குது. நாங்க இங்க ரூமுக்குள்ள பஞ்ச அடச்சிக்கிட்டுக் கேட்டா எப்பிடிக் கேக்கும்? நாளைக்கு நீங்க அங்க போங்க. நான் இங்கருந்து கோல் எடுக்கிறேன். நான் நோயாளி, நான்தான் டொக்டரும்."

எங்கள் சென்டரில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வழக்கமே இல்லை. ஹில்மி சேர் நோயாளியாக நடிக்கப் போகிறார் என்பது அதைவிடப் பெரிய அதிசயம்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அந்த பிளாட்டுக்குப் போனேன். துஷ்யந்தியின் மேசை அவளுடைய அறையில், சுவரைப் பார்த்தபடி. சாளரம் அவளுடைய முதுகுக்குப் பின்னால். "கடலைப் பாத்தா மனம் அங்க போயிடும் அக்கா. அதுதான்" என்றாள். ஹெட்போனைப் போட்டாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே சுவிட்சையும் போட்டாள். நான் அறை வாசலில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். கூடத்தில் தாயார் சக்கர நாற்காலியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கோல் வந்தது. சேர் அந்தப் பக்கம் கதைப்பதை நாங்களும் கேட்க, என் போனில் இன்னொரு கோல் போட்டு, அதன் மைக்கை மூடி, ஸ்பீக்கரில் வைத்திருந்தோம். என்ன நடிப்பு! "அல்லா, எனக்கி நெஞ்சு நோவுது டொக்டர், மூச்சு வாங்குது, ராவைக்குத் தூக்கமே இல்ல" என்று அவர் முனகத் தொடங்க, நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். பத்து வருசத்தில் அந்த மனிசன் இவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. துஷ்யந்தி கொஞ்சமும் சிரிக்காமல் அதை அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். உடனே சேர் டொக்டராகி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். கால்மணித்தியாலம் ஒரு சொல்லும் தவறவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது. பழுது வராவிட்டால் எதைத் திருத்துவது?

தாயார் மெதுவாக என்னோடு கதை கொடுத்தார். "இவள் காலம்பிற எழும்பினா எண்டா பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்க" என்றார்.

நிப்பாட்டினார். வெங்காயம் ஒரு கையில், கத்தி மற்றக் கையில், என்னைப் பார்த்தபடி. எனக்கும் பதில் சொல்ல வாயெடுத்தது தானாக நின்றுவிட்டது. ரயில் வந்தது. தெகிவளைப் பக்கமிருந்து, பின்னேரச் சனத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு, சாளரக் கண்ணாடி அதிர அதிரப் போனது. நானும் தாயாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாய் மூடி இருக்கிறோம்.

அறைக்குள் துஷ்யந்தி கதைத்துக்கொண்டே இருந்தாள்.

சுவரைப் பார்த்தபடி, கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல், அந்த முழு ரயிலுக்குள்ளாலும் கதைத்துக்கொண்டே இருந்தாள். ரயில் போய் முடிந்தது. தாயார் "மாட்டாள்" என்று வசனத்தை முடித்தார். என் போன் ஸ்பீக்கரில் ஹில்மி சேர் சாதாரணக் குரலில் சொன்னார்: "டொக்டர் குளிசையக் குடிக்கச் சொன்னாரு எண்டு நான் வெளங்கிட்டேன். குடிச்சிட்டேன்."

துஷ்யந்தி பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினாள். "குடிக்க வேண்டாம் எண்டெல்லோ சேர் சொன்னனான்!"

"'குடிக்க' வந்திச்சு பிள்ள. 'வேண்டாம்' வரல்ல."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "ஐயோ சேர்! நான்தான் சேர்! நான்தான் ரயிலை வெட்டினனான்!" என்று கத்தினேன், நல்ல கொட்டாஞ்சேனைக் கத்தல். தாயார் பயந்து கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

விசயம் இதுதான். சத்தம் வெட்டுவது போட்டிருக்கிற ஆளின் காதுக்கு மட்டும். மற்றப் பக்கம் கேட்கிறவருக்கு இல்லை. கதைக்கிற மைக்குக்கு வேறு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வெளிச்சத்தம் கூடினால் அது சத்தத்தை அமுக்கும். அமுக்கும்போது, வாயில் இருந்து தள்ளிக் காதடியில் இருக்கிற மைக் என்றபடியால், கதைக்கிறவரின் சொல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். லண்டனில் இருந்தவர்களுக்கு ரயில் கேட்கவில்லை, சொல்லும் கேட்கவில்லை. அதனால்தான் ஒருவரும் ரயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பழைய இயர்போன் காலத்தில் துஷ்யந்தியின் காதில் ரயில் விழுந்தது. விழுந்ததும் தானாக நிப்பாட்டினாள், போனதும் தொடங்கினாள். அந்த வீட்டில் பத்து வருசப் பழக்கம், அவளுக்கே தெரியாது. நான் சுவிட்சைப் போட்டு அந்த ரயிலை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். அவள் நிப்பாட்டுவதை மறந்துபோனாள்.

"அப்ப இதை ஓஃப் பண்ணட்டோ அக்கா?" என்று கேட்டாள். பண்ணிப் பார்த்தோம். ரயில் கேட்டது. ஆனால் கீழே வாகன இரைச்சல், ஃபான் எல்லாம் சேர்ந்து வர, மெதுவாகக் கதைக்கிற நோயாளியின் குரல் அமுங்கிப் போனது. சேர் வேண்டுமென்றே ஒரு மூதாட்டி மாதிரி ஈனக் குரலில் முனகிப் பார்த்தார். பாதி விளங்கவில்லை. சுவிட்ச் வேணும். ரயிலும் வேணும். இரண்டும் ஒன்றாக எப்படி வரும்?

நான் அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். சாளரத்தடியில் போய் நின்று பார்த்தால் தெகிவளைப் பக்கத்துப் பாதை நீளத்துக்குத் தெரிகிறது. ரயில் வீட்டுக்குக் கிட்ட வர முதலே கண்ணுக்குத் தெரியும். காதுக்கு வராவிட்டால் கண்ணுக்கு வரட்டுமே!

"பிள்ளை, அந்தப் பக்கம் பிடி" என்றேன்.

இரண்டு பேருமாக மேசையைத் தூக்கிச் சாளரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். தாயார் வாசலில் நாற்காலியை உருட்டி வந்து நின்று "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், காலில விழுத்தாதேங்கோ" என்று அதிகாரம் பண்ணினார். எதிர்த் திசையில், பம்பலப்பிட்டிப் பக்கம் மட்டும் பக்கத்துக் கட்டடம் மறைத்தது. அதற்கு அடுத்த நாள் காலி வீதியில் உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரு த்ரீவீல் கண்ணாடி, ஓட்டோவில் பின்னால் வருவதைப் பார்க்கப் பூட்டுவது, வாங்கிக்கொண்டு போய்ச் சாளரக் கம்பியில் வெளியே நீட்டினபடி பூட்டினேன்; அந்தப் பக்கத்துப் பாதையும் அதில் தெரிந்தது. கடைக்காரர் "மிஸ், த்ரீவீல் நம்பர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். "த்ரீவீல் இல்லை, மூன்றாம் மாடி" என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மறுபடியும் சேரோடு ஒத்திகை. ரயில் தெரிந்ததும் துஷ்யந்தி சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை முடித்து, "ஒரு நிமிசம் பொறுங்கோ" என்று சொல்லி நிப்பாட்டினாள். போனதும் தொடர்ந்தாள். மூன்று ரயில், இரண்டு பக்கத்தாலும். ஒரு 'வேண்டாம்' கூடத் தவறவில்லை. மூன்றாவது ரயில் போனபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ஏன் மறைக்க வேணும்.

வியாழக்கிழமை காட்டை நிரப்பிச் சேரின் மேசையில் வைத்தேன். வாசித்தார். வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. பேனையை எடுக்கவில்லை. "நாளைக்கி முடிவு வரட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு ஹெட்போனைக் கழற்றி, பூட்டி, கழற்ற முதல் கேட்கவில்லை என்று நினைவு வந்து, போட்டுக்கொண்டு கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை, பட்டரியைப் பூட்ட மறந்திருந்தேன். ஐந்து மணிக்கு மேல் போன் அடித்தது. துஷ்யந்தி. ஸ்பீக்கரில் போட்டேன். சேர் அறையிலிருந்து வந்து கவுண்டரில் கை ஊன்றி நின்றார்.

"அக்கா! சேரும் நிக்கிறாரே? இப்பதான் கதைச்சவை. அவை என்னை"

நின்றுவிட்டது.

"என்னை என்ன? பிள்ளை? துஷ்யந்தி!" என்று கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. ஹில்மி சேர் விரலை உதட்டில் வைத்தார். சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். பின்னேர ரயில்.

பாவி ரயில், அன்றைக்கென்று எத்தனை பெட்டி பூட்டியிருந்தார்களோ தெரியாது. வேலையைக் கொடுத்தார்களா, விட்டார்களா? நான் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கஸ்டமர் ஒருவர் "மிஸ், என்ர சார்ஜர்" என்று தொடங்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவருக்குக் கை காட்டினோம்.

"வேலைக்கு எடுத்திட்டினம் அக்கா!" என்றது போன்.

நான் துள்ளின துள்ளலில் கவுண்டரில் இருந்த ஸ்குரூ டப்பி கவிழ்ந்தது. அந்தச் சார்ஜர்காரரும் ஏனென்று தெரியாமலே கை தட்டினார். துஷ்யந்தி சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "இன்னொண்டும் சொன்னவை அக்கா. நான் நோயாளியளை அவசரப்படுத்திறேல்லையாம். இடையில நிப்பாட்டி யோசிக்க நேரம் குடுக்கிறனாம். அது நல்ல பழக்கமாம், மற்றவையும் பழக வேணுமாம்!"

ஹில்மி சேர் சிரித்தார். சத்தமாக, வாய் விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அறைக்குள் போய்க் காட்டை எடுத்து வந்து கவுண்டரில் வைத்து, நெஞ்சுப் பையிலிருந்து நீலப் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அதன் பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளே, உங்கள் திரையில் இருக்கிற பதினைந்து வரியில் இதற்கு எந்த வரியைத் தட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. காட்டில் இருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

மாற்றிய பாகம்: த்ரீவீல் கண்ணாடி ஒன்று.

செய்த வேலை: மேசையைத் திருப்பி வைத்தது.